தரங்கம்பாடித் திண்ணையில் ஒரு ஜெர்மன் மாணவர்

"சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள், ஆனால் வகுப்பில் வந்த தூக்கம் மலரைப் படிக்கும்போதும் வரக்கூடாது" என்று நிபந்தனை போட்டுத்தான் மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். நியாயமான நிபந்தனைதான். அதனால் ராஜாக்களையும் யுத்தங்களையும் விட்டுவிட்டு, ஒரு மாணவரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். ஒன்றுகூடல் நாளில் நாம் எல்லோரும் மறுபடியும் மாணவர்கள்தானே! இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இது பொருந்தும்.

அந்த மாணவரின் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் இவரைப் படித்திருப்போம். "தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்" என்று இரண்டு மார்க் கேள்விக்கு விடை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். அந்தச் சாதனைகள் எல்லாம் பின்னால் வந்தவை. எனக்குப் பிடித்தது அவருடைய ஆரம்ப வாரங்கள். பெரிய பாதிரியாராகப் பெயர் எடுப்பதற்கு முன்னால், அன்னிய மண்ணில் அ, ஆ எழுதத் தெரியாமல் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த வாரங்கள் அவை.

எப்படி வந்தார்?

தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க்குடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வியாபாரம் செய்ய இடம் கிடைத்தது. கடலோரத்தில் கோட்டை எழும்பியது. மிளகு, துணி, கப்பல், கணக்கு என்று காலம் ஓடியது. ஏறக்குறைய 85 வருஷம் கழித்துத்தான் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்குக்கு அங்கே மத போதகர்களை அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஆட்கள் ஜெர்மனியில் அகப்பட்டார்கள். ஒருவர் ஹென்றி புளுட்சோ. மற்றவர் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-இல் பிறந்த சீகன்பால்கு. சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். ஹாலே நகரத்தில் பேராசிரியர் பிராங்கேயிடம் படித்தவர். உடம்பும் அவ்வளவு திடமில்லை; படிப்பு நடுநடுவே நின்று நின்று நடந்தது.

1705 நவம்பர் 29-ஆம் தேதி கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார்கள். நன்னம்பிக்கை முனை வழியாகச் சுற்றி, ஏழு மாதத்துக்கு மேல் கடலிலேயே கழித்து, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைகிறது. இன்றைய கணக்கில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடும் பையனின் வயது.

வரவேற்பு எப்படி? கோட்டைத் தலைவர் ஹாசியஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்களை யார் வரச் சொன்னது, உங்களால் இங்கே என்ன ஆகப்போகிறது?" என்ற தோரணைதான். அரசர் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருந்தும், கரையிறங்கிய அன்று இருவரும் வெயிலிலும் தெருவிலும் வெகுநேரம் காத்து நிற்க வேண்டியதாயிற்று. கடைசியில் உத்தியோகஸ்தர் ஒருவர் இரக்கப்பட்டு ஒதுங்க இடம் காட்டினார்.

கோட்டைத் தலைவரைக் கெட்டவர் என்று சொல்லி நாம் விட்டுவிட முடியாது. அவர் கம்பெனியின் ஆள். கம்பெனிக்கு உள்ளூர் மக்களோடு சுமுகமாக இருந்தால்தான் சரக்கு வரும். சுற்றிலும் தஞ்சை ராஜ்யம். மத விஷயத்தில் யாராவது கைவைத்து ஊரில் புகைச்சல் கிளம்பினால் நஷ்டம் கம்பெனிக்குத்தான். இந்தக் கணக்குக்கும் பாதிரியார்களின் கணக்குக்கும் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

எந்த மொழியைப் படிப்பது?

அந்தக் காலத்தில் சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பியர்கள் உள்ளூர்க்காரர்களோடு பேசப் போர்த்துகீசியம்தான் பொது மொழி. வேலைக்காரர், துபாஷி, தரகர் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அதைப் பேசுவார்கள். தமிழே தெரியாமல் தரங்கம்பாடியில் ஒரு வெள்ளைக்காரர் முப்பது வருஷம் வாழ்ந்துவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் போனார்கள். இரண்டு இளைஞர்களும் முதலில் போர்த்துகீசியத்தைத்தான் எடுத்தார்கள். அது சீக்கிரம் கைகொடுத்தது. ஆனால் கோட்டைக்கு வெளியே இரண்டு தெரு தள்ளிப் போனாலே அந்த மொழி செல்லாக்காசு என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தமிழ் படித்தே ஆக வேண்டும். நாளடைவில் புளுட்சோ போர்த்துகீசியத்தில் ஊன்றி நின்றார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக்கொண்டார்.

எப்படிப் படிப்பது? அவர்கள் கையில் இலக்கணப் புத்தகமும் இல்லை, அகராதியும் இல்லை. இருந்தது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். எழுபது வயது வாத்தியார் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பேசி, பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். அப்புறம் என்ன? பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இரண்டு ஜெர்மானியர்களும் உட்கார்ந்தார்கள்!

திண்ணைப் பள்ளியின் முறை நம்மில் மூத்தவர்கள் கேள்விப்பட்டதுதான். முன்னால் மணலைப் பரப்புவார்கள். வாத்தியார் அல்லது சட்டாம்பிள்ளை எழுத்தின் பெயரைச் சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத வேண்டும். வாய், காது, கண், விரல் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தப்பாக எழுதினால் கையால் தடவினால் போதும், சிலேட்டு புதுசாகிவிடும். எழுத்து படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஹாலே பல்கலைக்கழகத்தில் எபிரேயமும் கிரேக்கமும் தெரிந்த கைவிரல், தரங்கம்பாடி மணலில் 'அ'னாவுக்குச் சுழி போட்டுப் பழகியது.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அரசரின் ஆணையோடு வந்தவர், போதிப்பதற்காகவே வந்தவர், வந்த இடத்தில் ஐந்து வயசுப் பையனுக்குப் பின்னால் நிற்கிறார். அந்தப் பையனுக்கு 'ழ' வருகிறது, இவருக்கு வரவில்லை. இந்த நிலையை ஏற்றுக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை

முதல் சில வாரங்களில் எழுத்துகள் வந்துவிட்டன. இப்போது வேறு சிக்கல். வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது. மாணவர்களுக்குத் தமிழ் புரியாது. படிக்க முடிகிறது, எழுத முடிகிறது, ஆனால் எழுதியது என்னவென்று தெரியவில்லை! நம் பிள்ளைகள் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்வதைப் பற்றி நாம் இன்றைக்கு அங்கலாய்க்கிறோமே, அதே நிலைதான்.

இந்த இடத்தில்தான் அழகப்பன் வருகிறார். டேனிஷ் கம்பெனியில் முன்பு துபாஷியாக இருந்தவர். போர்த்துகீசியத்தோடு டேனிஷ், டச்சு, ஜெர்மன் மொழிகளிலும் பேசக்கூடியவர். அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார்கள். சொல்லுக்குச் சொல், வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் பொருள் சொல்ல, சீகன்பால்கு குறித்துக்கொண்டே வந்தார். கிழவரிடம் எழுத்தும் ஓசையும், அழகப்பனிடம் பொருளும் பேச்சும். இரண்டு வாத்தியார்களும் சேர்ந்துதான் ஒரு மாணவரை உருவாக்கினார்கள். எட்டு மாதத்தில் தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும், பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளவும் முடிகிறது என்று அவர் ஊருக்கு எழுதினார்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. அவருடைய அன்றாட அட்டவணையை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, முன்பு படித்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை, அதுவரை படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பது; பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடியும் தமிழ் நூல்கள். இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஓலையைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று, ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது. பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் விடிய விடியப் படித்த நம் ஹாஸ்டல் வீரர்கள் இந்த அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவும்!

மாணவர் கண்டது என்ன?

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஐரோப்பாவில் பலரும் தமிழர்களை நாகரிகமோ கல்வியோ இல்லாத கூட்டம் என்று நினைத்தார்கள். தானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்ததாகச் சீகன்பால்கு வெளிப்படையாக எழுதியிருக்கிறார். மொழியைப் படித்து, நூல்களுக்குள் நுழைந்த பிறகு அந்த எண்ணம் நிற்கவில்லை. இங்கே ஒழுங்கான இலக்கணம் உண்டு, நீதி நூல் உண்டு, தர்க்கம் உண்டு என்று கண்டுகொண்டார். எழுபது வயது வாத்தியார் தன்னிடம் தத்துவக் கேள்விகளைக் கேட்டு மடக்குவதையும் அவர் மறைக்கவில்லை.

1708-இல் அவர் மூன்று தமிழ் நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். எவை தெரியுமா? கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா. சரித்திரம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பட்டியல் ஒன்றைச் சொல்கிறது. கொன்றை வேந்தனும் உலகநீதியும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எழுத்து முடித்ததும் மனப்பாடம் பண்ணும் பாடங்கள். அதாவது, ஒரு பள்ளிப் பிள்ளை எந்தப் படியில் ஏறுமோ அந்தப் படியில்தான் இவரும் ஏறியிருக்கிறார். ஜெர்மன் மொழிக்குத் தமிழிலிருந்து முதலில் போன பொருள்களில் நம் பிள்ளைகளின் பாடமும் ஒன்று.

அதே 1708-இல் தான் சேர்த்து வைத்த ஓலைச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணையும் தயாரித்தார். இந்நாட்டு மக்களின் நூல்கள் என்று மட்டும் 119 தலைப்புகள் அதில் இருக்கின்றன. திருக்குறளும் உண்டு. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பும் உண்டு. இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து சுவடிகளை வாங்கிவர எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறார். உ.வே.சா. அவர்கள் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைவதற்கு ஏறக்குறைய 170 வருஷத்துக்கு முந்தைய சங்கதி இது. இரண்டு பேரின் நோக்கமும் வேறு வேறு. ஆனால் சுவடி கட்டுக்கட்டாகக் கைக்கு வரும்போது வரும் அந்தப் பரபரப்பு ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

நோக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீகன்பால்கு மதம் மாற்ற வந்தவர். கடைசிவரை அந்த எண்ணத்தை அவர் விடவில்லை. இந்து சமய வழிபாட்டை அக்கியானம் என்று கடுமையாகத் தாக்கும் பிரசுரத்தை 1713-இல் அச்சிட்டவரும் அவரே. அதே 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியவரும் அவரே. அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தை ஒழிக்க அனுப்பினால், இவர் அதைப் பரப்புகிற மாதிரி எழுதி அனுப்புகிறாரே என்று மனத்தாங்கல். கையெழுத்துப் பிரதி அலமாரியில் தூங்கியது. 154 வருஷம் கழித்து, 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஒரே மனிதருக்குள் தாக்குகிறவரும் இருந்தார், ஆராய்கிறவரும் இருந்தார். ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரை மறைத்து எழுதினால் அது சரித்திரம் ஆகாது. புகழ்ந்து எழுதுகிற சிலரும், திட்டி எழுதுகிற சிலரும் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள்.

மணலிலிருந்து ஈயத்துக்கு

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1707-இல் முதல் ஞானஸ்நானங்கள், சிறு கோவில், பள்ளிகள். கோட்டைத் தலைவரோடு இருந்த உரசல் முற்றி, 1708 நவம்பரில் சீகன்பால்கு கைதானார். நாலு மாதம் கோட்டைச் சிறையில் இருந்தார். அதற்குச் சற்று முன்னால்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1711-இல் அதை முடித்தார்.

இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். ஆனால் வார்த்தவர்கள் தமிழ் தெரியாதவர்கள்; எழுத்து பெரிது பெரிதாக இருந்தது, காகிதத்தைத் தின்றது. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் அடித்தால் காகிதத்துக்கு எங்கே போவது? அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1714-இல் ஒரு பகுதியும் 1715-இல் முழுவதுமாகப் புதிய ஏற்பாடு அச்சில் வெளிவந்தது. பொறையாற்றில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். மணலில் விரலால் எழுதிய எழுத்து, ஒன்பதே வருஷத்தில் ஈயத்தில் நின்றது.

இன்னொரு திருத்தம். தமிழில் முதன்முதலில் அச்சடித்தவர் சீகன்பால்கு என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறேன். அது சரியல்ல. 1578-இலேயே கொல்லத்தில் அண்டிரிக் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. இல்லாத பெருமையைச் சூட்டுவது சீகன்பால்குவுக்குத் தேவையும் இல்லை.

1714-இல் ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிப் போனார். கப்பலிலும் சீமையிலும் தமிழ் மறந்துவிடக் கூடாதே! 1716-இல் ஹாலேயில் அவருடைய தமிழ் இலக்கண நூல் லத்தீனில் அச்சானது. கையில் இலக்கணமே இல்லாமல் படிக்க உட்கார்ந்தவர், பத்து வருஷத்தில் அடுத்தவர்களுக்கு இலக்கணம் எழுதிக் கொடுத்தார். 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி காலமானார். வயது 36தான். அந்த ஆலயத்திலேயே அடக்கம்.

திண்ணையும் போயிற்று சீமைக்கு

திண்ணைப் பள்ளியிடம் பாடம் படித்த வெள்ளைக்காரர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தன் விடுதியில் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் நுழைந்தது. அப்புறம் அதே சீமைக்காரர்கள் இங்கே வந்து திண்ணைப் பள்ளி பிற்போக்கானது என்று சொன்னதும், நாமும் தலையாட்டியதும் தனிக் கதை.

வாத்தியார்கள் எங்கே?

சீகன்பால்குவுக்குத் தரங்கம்பாடியில் சிலை இருக்கிறது. 2006-இல் அவர் வந்த 300-ஆவது ஆண்டைக் கொண்டாடினார்கள். நல்லது, வேண்டியதுதான். ஆனால் எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த எழுபது வயது வாத்தியாரை நாம் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. நாலு மொழி தெரிந்த அழகப்பனை ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாரும் நினைப்பதில்லை. 1712 முதல் 1714 வரை தமிழ் மக்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். நம் சமயம், சாதி, பயிர்த்தொழில், மருத்துவம் எல்லாம் அதில் பேசப்படுகின்றன. அவற்றில் பெரும் பகுதி அழகப்பன் எழுதியதே என்பது அவற்றைப் பதிப்பித்த அறிஞரின் முடிவு. இருந்தும் அட்டையில் அவர் பெயர் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து "அப்படி இல்லை, இப்படி" என்று கையைப் பிடித்துத் திருத்தியிருக்கக்கூடிய அந்தப் பிள்ளைகளுக்கோ சரித்திரத்தில் நிழல்கூடக் கிடையாது.

ஒரு மாணவர் பெரிய ஆளானால் ஊர் அவரைப் பார்க்கிறது. அவர் உட்கார்ந்த திண்ணையைப் பார்ப்பதில்லை. கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். நம் மலரிலும் ஐ.ஏ.எஸ். ஆனவர், டாக்டர் ஆனவர், அமெரிக்கா போனவர் படங்கள் வரும், வர வேண்டியதுதான். ஆனால் லேபில் நமக்குக் கண்ணாடிக் குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்த உதவியாளர், நூலகத்தில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறதென்று சொல்லிவைத்த அட்டெண்டர், தமிழ் மீடியத்தில் வந்த நம்மை உட்காரவைத்து ஆங்கிலப் பாடத்தை விளக்கிய அறைத்தோழன் இவர்கள் பெயரெல்லாம் எங்கே?

சங்கத்துக்கு என் யோசனை ஒன்று. இந்த ஒன்றுகூடலுக்கு வருகிற ஒவ்வொருவரும் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஊர் அறியாத ஒருவர் பெயரையும், அவர் சொல்லிக்கொடுத்தது என்ன என்பதையும் நாலு வரி எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த மலரில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்குவோம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய், அந்த ஊரில் திண்ணைப் பள்ளி எங்கே இருந்தது, வாத்தியார் யார், என்ன பாடம் என்று கேட்டு எழுதி வரட்டும். மணல் எழுத்தைப் பார்த்தவர்களும் அதைப் பற்றிக் கேட்டவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுங்கள்.